ஒரே மேடு, மூன்று சரிவுகள்: நில மாதிரியின் எண்களை எப்படிப் படிப்பது?

பினாங்கின் பாயா தெருபோங்கிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவர்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, பின்னாலுள்ள மேட்டில் அடுக்குமாடி கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது. விண்ணப்பத்துடன் உள்ள அறிக்கை, மேட்டின் சராசரிச் சரிவு 21 பாகை என்கிறது. பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கும் அவர் மகள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் விண்வெளி ராடார் தரவை வைத்துக் கணக்கிட்டால் 14 பாகை வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் டிரோன் பறக்கவிட்டு உருவாக்கிய மாதிரியோ 33 பாகை காட்டுகிறது. "மூன்றில் எது பொய், ஐயா? நிலத்தைக் கணிதமாக மாற்றும்போது என்னதான் நடக்கிறது?" என்பது அவர் கேள்வி.

வணக்கம், சகோதரி. மூன்றில் ஒன்றுகூடப் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். சரிவு என்ற எண், எந்த இடைவெளியில், எந்தப் பரப்பின் மீது அளந்தோம் என்ற விவரத்துடன் வந்தால்தான் பொருள்படும். அந்த விவரம் இல்லாமல் "21 பாகை" என்று எழுதிய அறிக்கையை நான் ஏற்க மாட்டேன். நம் மாநிலத்தில் இது ஏட்டுக் கணக்காக நின்றுவிடுவதில்லை. பினாங்கின் திட்டமிடல் விதிகளின்படி 76 மீட்டர், அதாவது 250 அடி உயரத்துக்கு மேலுள்ள நிலமும், 25 பாகைக்கு மேல் சரிந்த நிலமும் மலை நிலமாகக் கருதப்படும்; அங்கே கட்டுவதற்குக் கடுமையான வரம்புகள் உண்டு. கோட்டின் எந்தப் பக்கம் ஒரு மனை விழுகிறது என்பதைப் பெரும்பாலும் ஒரு கணினி மாதிரிதான் சொல்கிறது. ஆகவே, அந்த மாதிரி எப்படிச் செய்யப்படுகிறது என்பதைக் குடியிருப்பாளர்கள் தெரிந்துகொள்வது அவசியம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இந்தத் துறையின் தொடக்கமே ஒரு கட்டுமானத் தேவைதான். 1950-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சார்ல்ஸ் மில்லர் என்ற பொறியியல் பேராசிரியர், நெடுஞ்சாலை எந்த வழியாகப் போனால் மண் வெட்டுவதும் நிரப்புவதும் குறையும் என்பதைக் கணினியைக் கொண்டு கண்டறிய விரும்பினார். கணினிக்கு வரைபடம் புரியாது, எண்கள்தான் புரியும். எனவே ஒரே இடத்தை இரண்டு கோணங்களில் எடுத்த விமானப் படங்களிலிருந்து நிலத்தின் பல புள்ளிகளுக்குக் கிழக்குத் தூரம், வடக்குத் தூரம், உயரம் என மூன்று எண்களை எடுத்துக் கணினிக்குக் கொடுத்தார். 1958-இல் அவரும் லாஃப்லாமும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில்தான் இலக்கவியல் நில மாதிரி என்ற பெயர் நிலைபெற்றது. இன்று டிடிஎம் என்று சுருக்கிச் சொல்வது அதைத்தான்.

அடிப்படை எண்ணம் எளியது. கிழக்கு, வடக்கு என்ற இரண்டு எண்களைக் கொடுத்தால் உயரம் என்ற ஒரே ஓர் எண்ணைத் திருப்பித் தரும் ஒரு சார்பாக நிலத்தைக் கருதுகிறோம். "ஒரே ஓர் எண்" என்பதைக் கவனியுங்கள். செங்குத்துக் கோட்டில் நிலம் இரண்டு முறை வந்தால் இந்தச் சார்பால் அதைச் சொல்ல முடியாது. பத்துமலைக்குப் போயிருப்பீர்கள், 272 படி ஏறி உள்ளே நுழைந்தால் தரையும் இருக்கிறது, தலைக்கு மேலே பாறைக் கூரையும் இருக்கிறது. சாதாரண நில மாதிரியில் அந்தக் குகையே இருக்காது. வெளிப்புறப் பாறை முகடு மட்டும் பதிவாகும். வெளியே நிற்கும் 42.7 மீட்டர் முருகன் சிலை என்ன ஆகும் என்பதற்குப் பிறகு வருகிறேன்; உங்கள் டிரோன் கணக்குக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

எல்லா இடத்திலும் உயரத்தை அளக்க முடியாது. அளந்த புள்ளிகளுக்கு இடையே உள்ள நிலத்தை ஏதோ ஒரு விதியால் நிரப்ப வேண்டும். இதற்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு.

முதலாவது, சதுரக் கட்ட வலை. ஒவ்வொரு 1 மீட்டருக்கோ 10 மீட்டருக்கோ 30 மீட்டருக்கோ ஓர் உயரம் எழுதிவைக்கிறோம். நான்கு மூலைகளின் உயரங்களை வைத்து உள்ளேயுள்ள எந்த இடத்துக்கும் விகித முறையில் உயரம் கண்டுபிடிக்கலாம். கணக்கிடுவதும் சேமிப்பதும் எளிது என்பதால், உங்கள் மகள் இறக்கிய தரவு உட்பட இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் இந்த வகைதான். இதன் குறை, நிலம் எப்படி இருந்தாலும் ஒரே இடைவெளியில் அளப்பது. தட்டையான திடலுக்கும் வெட்டிய மண்சுவருக்கும் ஒரே கட்டம்.

இரண்டாவது, ஒழுங்கற்ற முக்கோண வலை. நிலம் எங்கே திரும்புகிறதோ அங்கே புள்ளி வைக்கிறோம்: முகட்டில், ஓடை அடியில், வெட்டுச் சரிவின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும். மூன்று புள்ளிகள் ஒரு தளத்தை முழுமையாகத் தீர்மானிக்கும்; ஆகவே ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஒரு சரிவு, ஒரு திசை. புள்ளிகளை எப்படி முக்கோணமாக இணைப்பது என்பதற்கு ரஷ்யக் கணித அறிஞர் போரிஸ் தெலோனே 1934-இல் விளக்கிய அமைப்பைப் பயன்படுத்துகிறார்கள்: எந்த முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியாக வட்டம் வரைந்தாலும் அதற்குள் வேறு புள்ளி இருக்கக் கூடாது. இதனால் ஊசிபோல் மெலிந்த முக்கோணங்கள் குறைகின்றன. 1970-களில் தாமஸ் பாய்க்கரும் அவர் குழுவினரும் இதை நில மாதிரிக்கு முறையாகக் கொண்டுவந்தார்கள். மேலும் முக்கியமானது முறிகோடு. வெட்டுச் சரிவின் விளிம்பை ஒரு கோடாகப் பதிந்து, "எந்த முக்கோணமும் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது" என்று கட்டளையிடலாம். முறிகோடுகள் இல்லாமல் செய்த முக்கோண வலை, விளிம்பின் மேலுள்ள புள்ளியையும் தூரத்திலுள்ள அடிப்புள்ளியையும் நேராக இணைத்து, செங்குத்தான மண்சுவரைச் சாய்வான புல்தரையாக்கிவிடும். மலைச்சரிவு அறிக்கை ஒன்று என் மேசைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது முறிகோடுகளைத்தான்.

புள்ளிகள் சீரற்றுச் சிதறியிருக்கும்போது அவற்றிலிருந்து கட்ட வலை செய்யப் பல இடைக்கணிப்பு முறைகள் இருக்கின்றன. அருகிலுள்ள புள்ளிக்கு அதிக எடை கொடுப்பது ஒன்று. மெல்லிய தகடு வளைவதைப்போல் மென்மையான பரப்பைப் பொருத்துவது இன்னொன்று. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிக் 1951-இல் தொடங்கி, பிரான்சில் ஜார்ஜ் மாத்தரோன் கணித வடிவம் கொடுத்த கிரிக்கிங் முறை, உயரத்தோடு அந்த உயரத்தில் எவ்வளவு ஐயம் உள்ளது என்பதையும் சேர்த்துத் தருகிறது. அதனால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை. உங்கள் பிரச்சினைக்கு இவற்றுக்குள் ஆழமாகப் போக வேண்டாம்.

இப்போது சரிவுக்கு வருவோம். கட்ட வலையில் ஒரு கட்டத்தின் சரிவைக் காண, கணினி அந்தக் கட்டத்தைப் பார்ப்பதில்லை. அதன் அண்டைக் கட்டங்களைப் பார்க்கிறது. கிழக்கு அண்டையின் உயரத்திலிருந்து மேற்கு அண்டையின் உயரத்தைக் கழித்து, இடையிலுள்ள தூரத்தால் வகுக்கிறது; வடக்கு தெற்குக்கும் அப்படியே. பெர்த்தோல்ட் ஹார்ன் 1981-இல் விவரித்த முறை எட்டு அண்டைகளையும் சேர்த்து எடைபோடுகிறது. வேறு முறைகள் நான்கை மட்டும் எடுக்கின்றன. ஒரே கோப்பை இரண்டு மென்பொருள்களில் திறந்தால் சரிவு சற்று மாறுவதற்கு இதுவே காரணம். ஆனால் அந்த வேறுபாடு சிறியது. பெரிய வேறுபாடு தூரத்தில் இருக்கிறது: 30 மீட்டர் வலையில் மேற்கு அண்டைக்கும் கிழக்கு அண்டைக்கும் இடையே 60 மீட்டர்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மகளையும் போடச் சொல்லுங்கள். கீழே அகலமான ஒரு சமதளம், மேலே இன்னொரு சமதளம். இரண்டுக்கும் இடையே 10 மீட்டர் உயர மண்சரிவு, கிடையாக 10 மீட்டர் அகலம். அதாவது சரியாக 45 பாகை. பழைய எஸ்டேட் மேடுகளையும் வெட்டிய மனைகளையும் பார்த்தவர்களுக்கு இது புதிய காட்சி அன்று. சரிவின் நடுவில் 1 மீட்டர் வலை வைத்தால் 45 பாகை கிடைக்கும். 10 மீட்டர் வலையில், 20 மீட்டர் தூரத்துக்கு 10 மீட்டர் ஏற்றம்: 26.6 பாகை. 12 மீட்டர் வலையில், 24 மீட்டருக்கு 10 மீட்டர்: 22.6 பாகை. 30 மீட்டர் வலையில், 60 மீட்டருக்கு 10 மீட்டர்: 9.5 பாகை.

நிலம் மாறவில்லை, ஒரு கூடை மண்ணும் நகரவில்லை. கட்ட அளவை 10-இலிருந்து 12 மீட்டராக மாற்றியதும் 25 பாகைக் கோடு கடக்கப்பட்டுவிட்டது. 30 மீட்டர் வலையில் இன்னொன்றும் நடக்கிறது: மண்சரிவுக்கு 30 மீட்டர் தள்ளியுள்ள, முற்றிலும் தட்டையான கட்டத்துக்கும் ஏறக்குறைய 5 பாகைச் சரிவு கிடைக்கிறது, அதன் ஒரு பக்கத்து அண்டை மண்சரிவின் மேல் விழுவதால். செங்குத்து மறைகிறது, சமதளம் சாய்கிறது, எல்லாம் நடுவை நோக்கி நகர்கின்றன. உங்கள் மகளின் 14 பாகை இப்படித்தான் வந்திருக்க வேண்டும். அவர் கணக்கில் தவறில்லை. அந்தத் தரவால் பார்க்க முடிந்தது அவ்வளவுதான்.

அப்படியானால் வலையைச் சுருக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். பள்ளிக் கணிதத்தில் சரிவு என்பது, இடைவெளி பூச்சியத்தை நெருங்கும்போது கிடைக்கும் எல்லை. மென்மையான வளைகோட்டுக்கு அந்த எல்லை உண்டு. மண்ணுக்கு இல்லை. 1 மீட்டரில் ஒரு சரிவு, 10 சென்டிமீட்டரில் வேர்களும் கற்களும் தரும் வேறொரு சரிவு, 1 சென்டிமீட்டரில் இன்னொன்று. எண் எங்கும் நிலைகொள்ளாது. கடற்கரையின் நீளம் அளவுகோலைப் பொறுத்து மாறுவதைக் கணித அறிஞர் மாண்டல்பிரோ 1967-இல் எழுதிய அதே விஷயம் இங்கே சரிவாக வருகிறது.

இன்னொரு தடை அளவைப் பிழை. ஒவ்வொரு புள்ளியின் உயரத்திலும் 15 சென்டிமீட்டர் பிழை இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். காடடர்ந்த சரிவில் இது மோசமான அளவன்று. அண்டைகளின் பிழைகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்றால், இரண்டு உயரங்களின் வித்தியாசத்தில் சுமார் 21 சென்டிமீட்டர் பிழை வரும். 1 மீட்டர் வலையில் அதை 2 மீட்டரால் வகுக்கிறோம்: கால்பந்துத் திடலுக்குக்கூட 6 பாகைச் சரிவு காட்டலாம். அதே பிழை 10 மீட்டர் வலையில் அரைப் பாகையைச் சற்றே தாண்டும். மிக நுண்ணிய வலை பிழையைப் பெருக்குகிறது. மிகப் பரந்த வலை நிலத்தையே அழிக்கிறது. எதைக் கண்டுபிடிக்க விரும்புகிறோமோ, அதன் அளவுக்கேற்ற வலைதான் சரியான வலை. வீட்டை விழுங்கக்கூடிய மண்சரிவு பத்து இருபது மீட்டர் அளவில் நடக்கிறது. அதைத் தேடுகிறவர் 1 முதல் 5 மீட்டர் வரையிலான, முறையாக மென்மையாக்கப்பட்ட வலையைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

டிரோனின் 33 பாகைக்கு வருகிறேன். டிரோன் படங்களிலிருந்து கிடைப்பது, கேமராவுக்குத் தெரிந்த மேல்பரப்பு: மர உச்சி, கூரை, தண்ணீர்த் தொட்டி. பத்துமலைச் சிலை அதில் கம்பீரமாக நிற்கும். இதை மேற்பரப்பு மாதிரி என்று தனியாகச் சொல்வார்கள். வெறும் நிலத்தைக் காட்டும் மாதிரியில் சிலையும் மரமும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் மேட்டில் டுரியான் மரங்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தோப்பின் ஓரத்தில் 15 மீட்டர் மரம் முடிந்து வெட்டவெளி தொடங்கினால், மாதிரியில் அது 15 மீட்டர் செங்குத்துப் பாறையாகத் தெரியும். ஒவ்வொரு மர விளிம்பும் சரிவைக் கூட்டிக்கொண்டே போகும். எனவே அந்த 33 பாகையை எடுத்துக்கொண்டு மாநகர் மன்றக் கூட்டத்துக்குப் போகாதீர்கள். எதிர்த்தரப்பு நிபுணர் ஒரே கேள்வியில் அதைத் தள்ளிவிடுவார், பிறகு நீங்கள் சொல்லும் நியாயமான வாதமும் எடுபடாது. மரமே இல்லாத பகுதியை மட்டும் பிரித்துக் கணக்கிட்டால் அந்தத் தரவு நிச்சயம் பயன்படும்.

காட்டின் அடியிலுள்ள நிலத்தைப் பார்க்க இன்று சிறந்த வழி லைடார். விமானத்திலிருந்தோ டிரோனிலிருந்தோ லேசர் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பும் நேரத்தை அளக்கிறார்கள். ஒரு துடிப்பின் ஒரு பகுதி இலையில் பட்டுத் திரும்பும். மிச்சம் இடுக்குகளில் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பும். பிறகு, கோடிக்கணக்கான புள்ளிகளில் எவை தரை என்று பிரிக்க வேண்டும். 2016-இல் வெளியான ஒரு முறை எனக்கு மிகவும் பிடித்தது: புள்ளிகளின் திரளைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு கற்பனைத் துணியைக் கணினியில் விழவிடுகிறார்கள். துணி எங்கே படிகிறதோ அது தரை. துணிக்குக் கீழே தொங்குபவை மரமும் கட்டடமும். துணி விறைப்பாக இருந்தால் கூர்மையான முகடுகள் தேய்ந்துபோகும். தளர்வாக இருந்தால் புதரும் தரையாகிவிடும். அந்த விறைப்பை ஒரு மனிதர்தான் முடிவு செய்கிறார். பினாங்கின் கொடிமலைச் சரிவுகள் போன்ற அடர்ந்த மழைக்காட்டில் தரையைத் தொடும் துடிப்புகள் மிகக் குறைவு. அறிக்கை "1 மீட்டர் வலை" என்று பெருமையாகச் சொன்னாலும், மரத்தடியில் தரைப் புள்ளிகள் பல மீட்டருக்கு ஒன்றுதான் கிடைத்திருந்தால் இடையில் உள்ளதெல்லாம் இடைக்கணிப்பு. தரைப் புள்ளிகளின் அடர்த்தி என்ன என்று தனியாகக் கேட்க வேண்டும்.

மகள் பயன்படுத்திய தரவு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் எடுத்தது. 60 மீட்டர் நீளக் கம்பத்தின் முனையில் இரண்டாவது ஆன்டெனாவைப் பொருத்தி, இரண்டு ஆன்டெனாக்களையும் வந்தடையும் ராடார் அலைகளின் ஏற்ற இறக்க நிலையில் (phase) உள்ள வேறுபாட்டிலிருந்து உயரம் கண்டார்கள். உலகின் பெரும்பகுதி நிலத்துக்கு ஒரே சீரான உயரத் தரவு கிடைத்தது அதனால்தான். அது மகத்தான பணி. ஆனால் அதன் 5.6 சென்டிமீட்டர் அலை நம் காட்டு விதானத்தை முழுமையாக ஊடுருவாது. அதோடு, 2000-க்குப் பிறகு வெட்டப்பட்ட எந்தச் சரிவும் அதில் இல்லை. வட்டார அளவில் ஆற்றுப் படுகைகளைப் பார்க்க நல்லது. ஒரு மனையின் சட்டத் தகுதியைத் தீர்மானிக்க அது உருவாக்கப்படவில்லை.

மிச்சமிருப்பது அறிக்கையின் 21. என்னை உறுத்துவது "சராசரி" என்ற சொல். மனையின் பாதி 5 பாகை, மறுபாதி 37 பாகை என்றால் சராசரி 21. மனை முழுவதும் ஒரே சீராக 21 பாகை என்றாலும் சராசரி 21. முதல் மனையின் பாதி மலை நிலம். இரண்டாவதில் ஒரு துளியும் இல்லை. மழை பெய்யும்போது மண் சராசரியில் சரிவதில்லை. 1993 டிசம்பர் 11 அன்று ஹூலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் ஒன்று விழுந்து 48 பேர் இறந்ததும், 2017 அக்டோபரில் நம் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் புதைந்து இறந்ததும் நமக்குத் தெரியும். அவற்றின் காரணங்கள் பலவகை. வடிகாலும் மண்ணின் தன்மையும் கட்டுமான முறையும் அவற்றில் அடங்கும். ஆனால் குறிப்பிட்ட ஒரு சரிவைக் குறிப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. நம் நாட்டில் சரிவை 15 பாகை வரை, 15 முதல் 25, 25 முதல் 35, 35-க்கு மேல் என்று நான்கு வகுப்புகளாகப் பிரிப்பது வழக்கம். ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை சதுர மீட்டர், மனையில் எந்த இடத்தில், என்று வண்ணப் படமாகக் கேளுங்கள். சராசரிக்குள் மறைந்திருப்பது அதில் வெளியே வந்துவிடும்.

76 மீட்டர் கோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்தப் பூச்சியத்திலிருந்து 76? தீபகற்ப மலேசியாவின் உயரங்கள் கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை அளந்த சராசரிக் கடல் மட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். தரும் உயரமோ பூமியின் கற்பனை நீள்கோள வடிவத்திலிருந்து அளக்கப்படுவது. இரண்டுக்கும் பல மீட்டர் வேறுபாடு உண்டு. நில அளவை, வரைபடத் துறையின் ஜியோயிட் மாதிரியை, அதாவது கடல் மட்டத்தை ஒத்த பரப்பைக் காட்டும் மாதிரியை, கொண்டு திருத்த வேண்டும். 10 பாகைச் சரிவில் 5 மீட்டர் உயரப் பிழை, 76 மீட்டர் கோட்டைத் தரையில் 28 மீட்டர் நகர்த்திவிடும். ஒரு வரிசை வீடுகள் அந்த அகலத்துக்குள் அடங்கும்.

மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்றும் கேட்டிருந்தீர்கள். எளிய முறை, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் எட்டு அண்டைகளில் மிகச் செங்குத்தான இறக்கத்துக்கு நீரை அனுப்புவது. சாலைக்கு அடியிலுள்ள மதகு மாதிரியில் தெரியாததால், சாலை ஓர் அணைபோல் நின்று கணினியில் பொய்க் குளம் உருவாகும். மதகுகளைக் கையால் திறந்துவிட்டார்களா என்று கேட்டால் போதும்.

கூட்டத்துக்குப் போகும்போது எழுத்து மூலமாகக் கேட்க வேண்டியவை இவை: மூலத் தரவு எது, எந்தத் தேதியில் எடுத்தது, கட்ட அளவு என்ன, முறிகோடுகள் சேர்க்கப்பட்டனவா, மரத்தடியில் களத்தில் அளந்து சரிபார்த்த புள்ளிகள் எத்தனை, அங்கே பிழை எவ்வளவு. கடைசிக் கேள்வியில் "மரத்தடியில்" என்பதை விடாதீர்கள். சாலையிலும் திடலிலும் சரிபார்த்துவிட்டு 10 சென்டிமீட்டர் துல்லியம் என்று எழுதுவது மிக எளிது. உங்கள் மேட்டில் ஐயம் இருப்பது தோப்புக்குள். அத்துடன், சந்தேகமான இரண்டு மூன்று இடங்களில் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் டோட்டல் ஸ்டேஷன் என்ற, கோணமும் தூரமும் அளக்கும் கருவியை வைத்து அளந்த குறுக்குவெட்டுப் படம் கேளுங்கள். உரிமம் பெற்ற நில அளவையாளருக்கு இது சில நாள் வேலை. கையொப்பமும் பொறுப்பும் அவருடையதாக இருக்கும்.

மகளிடம் சொல்லுங்கள்: டிரோன் தரவில் மரமற்ற பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, 1, 5, 10, 30 மீட்டர் என நான்கு வலைகளில் சரிவைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றிலும் 25 பாகைக்கு மேலுள்ள பரப்பைக் குறித்துவைக்கட்டும். நான்கு படங்களையும் அனுப்பினால் நானே பார்த்துக் குறிப்பு எழுதித் தருகிறேன். கூட்டத் தேதி நெருங்கினால் அதையும் தெரிவியுங்கள்.